கட்டுச்சோற்றுக்காக மாற்றிய சமையலறை: ஓராண்டுப் புழக்கத்துக்குப் பின்

நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஏழடி. அதை மாற்றியமைக்கும் வேலையைச் சென்ற ஆண்டு வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய தச்சுப்பட்டறையிடம் ஒப்படைத்தோம். புதிதாக இருக்கும்போது எல்லா வேலையும் நன்றாகத்தான் தெரியும் என்பதால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்கும்வரை காத்திருந்து இதை எழுதுகிறேன்.

அழகுக்காக இந்த வேலையைத் தொடங்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் எங்காவது போய் வருவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். அன்றைக்குச் சாப்பாடு வீட்டிலிருந்தே போக வேண்டும் என்பது என் மாமியாரின் விருப்பம்; எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று மூன்றே வகைகளைச் செய்து கட்ட நாலரை மணிக்கு எழுந்தாலும், வீட்டைப் பூட்டும்போது பத்து மணியாகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பார்த்தேன். அடுப்பில் அதிகம் போகவில்லை. கடப்பாக்கல் அலமாரியின் உள்வரிசையில் இருக்கும் நல்லெண்ணெயை எடுக்க முன்வரிசை டப்பாக்கள் ஆறையும் இறக்குவதிலும், தூக்குச்சட்டியின் மூடியைப் பரணில் தேடுவதிலும், மிக்சியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைச் செருகுவதிலும் போயிற்று.

பட்டறைக்காரர் முதலில் முழு மாடுலர் கிச்சனுக்கான படங்களைத்தான் காட்டினார். எங்களுக்கு வேண்டியது அதுவன்று என்றதும் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, அரை மணி நேரம் நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலையில் எனக்கு முதலில் மதிப்பு உண்டானது அப்போதுதான். கிரானைட் மேடையை இடிக்கவில்லை. அதன் கீழே இருந்த கடப்பாக்கல் தட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, முழுவதும் வெளியே இழுக்கக்கூடிய ஐந்து இழுப்பறைகளை அமைத்தார். அடுப்புக்கு நேர் கீழே உள்ளது நான்கு அங்குல ஆழமே கொண்டது. அஞ்சறைப்பெட்டியும் பொடி டப்பாக்களும் அதில் ஒரே அடுக்காக இருக்கின்றன. இழுத்தவுடன் எல்லாமே மேலிருந்து கண்ணில் படுவதால், எதையும் இறக்கித் தேடும் வேலை இல்லை. தூக்குச்சட்டிகளும் அவற்றின் மூடிகளும் வாழையிலைச் சுருளும் மந்தார இலைக் கட்டும் ஒரே இழுப்பறையில் உள்ளன. பயண நாளில் அந்த ஓர் இழுப்பறையைத் திறந்தால் போதும்.

மிகச் சிறந்த மாற்றம் என் மாமியாரின் யோசனை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போயிருந்தோம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளை, மரமும் கல்லும் கொண்டு வந்து மறுபடி எழுப்பிக் காட்டும் இடம் அது. 1996 முதல் இயங்குகிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு, தம் ஊரில் ஆட்டுக்கல்லைத் தரையிலேயே பதித்திருந்ததையும், உட்கார்ந்து அரைத்ததால் இடுப்பு நோகாததையும் அவர் விவரித்தார். அதைக் கேட்டுத்தான் ஜன்னலோரம் பதினெட்டு அங்குல உயரத்தில் கடப்பாக்கல்லால் ஒரு தாழ்ந்த மேடை கட்டச் சொன்னோம். சாய்த்து மாவை வழிக்கக்கூடிய இரண்டு லிட்டர் கிரைண்டர் இப்போது அதன்மேல் நிலையாக நிற்கிறது. மாமியார் முக்காலியில் அமர்ந்து, உளுந்து பொங்கி வரும் பதத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, இடையிடையே தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தபடியே மாவை வழித்தெடுக்கிறார். அவர் மறுபடி தம் கையால் மாவரைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் நிறைவு பெரிது.

பொருள்களின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளைவுட் பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று நாங்களே பார்த்தோம். கொதிநீரைத் தாங்கும் வகை அது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் துகள் பலகையைப் பொருத்தினால், சென்னையின் ஈரக்காற்றில் விரைவில் உப்பிப் போகும். எங்கள் பலகை மழைக்காலத்திலும் உப்பவில்லை. எவர்சில்வர் கூடைகளில்தான் ஏமாந்தோம். எளிதில் துருப்பிடிக்காத 304 தரம் என்று சொல்லி வந்தவற்றில், தொட்டியருகே இருந்த கூடை மூன்றாம் மாதமே கம்பி இணைப்புகளில் துருப்பிடித்தது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல தரம் என்று காட்டித்தான் அதைத் தந்தார்கள். மலிவான 202 தரத்திலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதை நான் பிறகே அறிந்தேன். எழுத்தில் தரத்தைக் குறிப்பிட்ட ரசீது கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கூடையை மாற்றிக் கொடுத்தார்கள்; அதற்கு நான்கு முறை நேரில் போக வேண்டியிருந்தது. ஒன்பது நாளில் முடியும் என்ற வேலை பதினாறு நாள் இழுத்தது. கிரைண்டருக்குத் தனிப் பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை. எலக்ட்ரீஷியனைத் தனியாக அழைத்தோம்.

மொத்தச் செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். அதன் பயனைப் போன மாதம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் கண்டேன். நாலே முக்காலுக்கு எழுந்து, முந்தைய நாள் அரைத்த மாவில் இட்லி ஊற்றி, ஆறியதும் ஒவ்வொன்றின் இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி வாழையிலையில் கட்டினேன். மதியத்துக்குத் தயிர்சாதம்: சாதத்தைக் குழைத்து, பாலை நிறையவும் தயிரை ஒரு கரண்டி மட்டுமே விட்டும் பிசைந்ததால் பன்னிரண்டு மணிக்கும் புளிக்கவில்லை. ஆறு மணிக்குள் வீட்டைப் பூட்டிவிட்டோம். வெயில் ஏறுமுன் கார்ல் ஷ்மித் நினைவுச்சின்னத்தின் அருகே அமர்ந்து இட்லியைப் பிரித்தோம். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாக எழுப்பியது என்று சொன்னதும், என் மகள் கையில் இட்லியுடன் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

சிறிய சமையலறையை இடிக்காமல் திருத்த நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். கூடைகளை மட்டும் நீங்களே கடையில் பார்த்து வாங்கிக் கொடுங்கள். பரணுக்குக் கதவு போடும் வேலையையும் பொங்கலுக்குப் பிறகு இவர்களிடமே கொடுக்கவிருக்கிறோம்.