மழைக்கு ஒரு சேடில், வெயிலுக்கு ஒரு சேடில்: எலும்பில் செய்த கிட்டார் பாகங்களோடு மூன்று மழைக்காலம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஜூன் மாதத்தில் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மழை விடாமல் இரண்டு வாரம் பெய்தால் போதும், கம்பிகள் உயர்ந்து விரலை வதைக்கத் தொடங்கிவிடும். ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்புகிறது, அதோடு, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும், அதில் செருகிய, கம்பிகள் ஏறி உட்காரும் சேடில் துண்டும் மேலே எழுகின்றன. தை, மாசியில் நல்ல வெயில் காய்ந்ததும் பலகை இறங்கி, அதே கம்பிகள் விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டில், உரசி இரையும். என் கிட்டாரின் மேல்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்ப்ரூஸ் மரம். அதனால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம்.

2022இல் அதன் பிளாஸ்டிக் நட், அதாவது தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு, உடைந்தது. டொலர் தட்டுப்பாட்டுக் காலம், கேட்ட இடமெல்லாம் ஸ்டொக் இல்லை. திருத்தக் கொடுத்த ஒரு கடையில் ஏதோ ஒரு துண்டை ஒட்டித் தந்தார்கள். அதில் முதல் கம்பி நிற்கவே இல்லை. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று எலும்பைத் தேடிப் போனேன்.

இறைச்சிக் கடைக்காரர் “சூப்புக்கா தம்பி?” என்று கேட்டார். “இல்ல நானா, கிட்டாருக்கு” என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு நீளம் வேண்டும் என்று விசாரித்து, முழங்காலுக்குக் கீழே உள்ள நேரான எலும்பாகப் பார்த்து எடுத்துத் தந்தார். அந்த எலும்பின் சுவர்தான் தடிப்பு. நட்டுக்கு வேண்டிய கனம் அதில் கிடைக்கும். எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டெலும்பு ஏறாது. அம்மாவின் மனம் நோகாமல், லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய பால்மா டின்னில் வேகவைத்தேன்.

முதல் தடவை அவசரப்பட்டேன். ஒரு மணி நேரம் அவித்து, சுரண்டி, வெயிலில் காயவைத்து நட் செய்துவிட்டேன். எட்டு மாதத்தில் அதில் எண்ணெய் பட்ட காகிதம் போல மஞ்சள் திட்டுகள். மழை நாளில் பெட்டியைத் திறந்தால் பழைய கொழுப்பு வாசம். எலும்புக்குள் கொழுப்பு தங்கியிருந்தால் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது.

இப்போது செய்யும் முறை வேறு. மச்சையைக் கம்பியால் தள்ளி எடுத்துவிட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் வைப்பேன். பலமாக, நீண்ட நேரம் கொதித்தால் எலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும். அப்புறம் வாளால் கீலம் கீலமாக அறுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வராத வரைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பேன். இரண்டு, மூன்று வாரமாகும். நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயிலில் வெடிக்கும். வெண்மைக்காக குளோரின் சேர்க்க வேண்டாம், அது எலும்பையே அரிக்கும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாக்கித் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நட்டில் கம்பி உட்காரும் காடி வெட்டுவதுதான் உயிர்நாடி. அதற்கான அரம் வாங்க வசதி இல்லை. கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் மெல்லிய அரக்கம்பிகள் ஒரு கட்டாகக் கிடைக்கும், முதல் இரண்டு கம்பிகளுக்கு அவை போதும். மேலே உலோகம் சுற்றிய தடித்த கம்பிகளுக்குப் பழைய கிட்டார் கம்பியையே இழுத்து அறுக்கலாம். காடி தலைப்பக்கம் சற்றே சரிய வேண்டும். கம்பி நட்டின் விரல் பலகைப் பக்க விளிம்பில் உட்கார்ந்து கிளம்ப வேண்டும், உள்ளே எங்கோ கிளம்பினால் சித்தார் மாதிரி இரையும். மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மெல்லிய கம்பிக்கு மயிரிழை இடைவெளி, தடித்த கம்பிக்கு ஒரு தாள் கனம். அதைவிட உயரமாக இருந்தால், சுருதி சேர்த்த பிறகும் சி கோர்ட் கோணலாகக் கேட்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறுவதே காரணம். பலர் இதைத் தங்கள் காதின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சேடிலில் கணக்கு எளிது. பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே 0.4 மில்லிமீற்றர் இறங்க வேண்டுமானால் சேடிலில் 0.8 எடுக்க வேண்டும். மேலே வளைவு கெடாமல் அடியில் எடுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய சாண்ட் பேப்பரில் நேராகத் தேய்ப்பேன். எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் அடி சமம், ஒரு மூலையில் மிஞ்சினால் கை சாய்கிறது. பொருத்தும்போது விரலால் வர வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழக் கூடாது.

இப்படி இரண்டு சேடில் வைத்திருக்கிறேன். வைகாசியில் மழை பிடித்ததும் குட்டையானது, தையில் உயரமானது. இரண்டுக்கும் வித்தியாசம் 0.9 மில்லிமீற்றர். மாற்ற பத்து நிமிடம், கம்பி மாற்றும் நாளிலேயே முடிந்துவிடும். இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

சத்தம்? எலும்பு போட்டால் கிட்டாரே மாறிவிடும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நட்டின் வேலை திறந்த கம்பியில்தான் கேட்கும், விரலை வைத்ததும் அந்த இடத்தை ஃப்ரெட் எடுத்துக்கொள்கிறது. என்னுடைய பழைய நட் உள்ளே கூடாக இருந்ததால் திறந்த கம்பிகள் தெளிந்தன, அவ்வளவே. சேடில் எல்லாச் சுரத்திலும் பங்கு பெறுகிறது. அதில் வந்த வித்தியாசத்தை, கோவிலில் என்னோடு பாடுகிறவர்கள் நான் சொல்லாமலே கவனித்தார்கள்.

தேய்மானமும் உண்டு. மழைக்கால சேடிலில் முதல் இரண்டு கம்பிகள் மெல்லிய பள்ளம் பதித்துவிட்டன. நட்டில் முதல் காடி இறங்கி இரைந்தபோது எலும்புத் தூளையும் சுப்பர் குளூவையும் வைத்து நிரப்பினேன். ஒரு வருடம் தாங்கியது. போன மாதம் மறுபடி மெல்லிய இரைச்சல். புதிய நட்டுக்கான கீலங்கள் சோப்புத் தண்ணீரில் கிடக்கின்றன, இன்னும் படலம் வருகிறது.