பரம்பரைப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை: புதுச்சேரி ஆய்வகம் ஒன்றின் சேவை

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோயும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் சித்திக்குச் சூலகப் புற்றுநோயும் வந்திருந்ததால், கடலூரில் எங்களைப் பார்த்த மருத்துவர் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தார். புதுச்சேரி நூறடிச் சாலையில் உள்ள தனியார் ஆய்வகம் ஒன்றில் அதைச் செய்துகொண்டோம்.

இச்சேவையின் சிறப்பு, ரத்தம் எடுப்பதற்கு முன் நடக்கும் ஆலோசனைதான். பரிசோதனைக்கு முன்வந்தவன் நான். ஆனால், நோய் வந்தவரிடம் முதலில் தேடினால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவதென்று தெரியும் எனக் கூறி, ஆலோசகர் அக்காவை அழைத்துவரச் சொன்னார். பிறகு ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக மூன்று தலைமுறைகளை வரைந்து, நோயுற்றவர்களின் கட்டங்களுக்குக் கருமை தீட்டினார். என் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் என்பதால் அவர்களுக்கிடையே இரட்டைக் கோடு விழுந்தது. நம் பக்கத்துக் குடும்பங்களில் அக்கோடு அரிதன்று.

“எனக்கு வந்தது என் பெண்ணுக்கும் வருமா?” என்று அக்கா கேட்டதற்கு அவர் அளித்த விளக்கம் தெளிவாக இருந்தது. பழுதடைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்கள் ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக உள்ளன. பெற்றோரில் ஒருவரிடம் பிறழ்ந்த பிரதி இருந்தால், மகனோ மகளோ, அது பிள்ளைக்குச் சேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. எனினும் எஞ்சிய நல்ல பிரதியும் ஏதேனும் ஒரு செல்லில் செயலிழந்த பிறகே பெரும்பாலும் புற்றுநோய் தொடங்குகிறது என்பதால், பிறழ்வைப் பெற்ற அனைவருக்கும் நோய் வருவதில்லை. இரு பிரதிகளும் அடுத்தடுத்து அடிபட வேண்டும் என்னும் இக்கருத்தை 1971இல் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நுட்சன் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து முன்வைத்தார்.

குறை, அறிக்கையில் உள்ளது. நோய்க்காரணப் பிறழ்வு காணப்படவில்லை என்றும், பி.ஆர்.சி.ஏ.2இல் பொருள் உறுதிப்படாத, அதாவது நோயைத் தருமா என்று இன்னும் தெரியாத, மாற்றம் ஒன்று உள்ளது என்றும் அதில் எழுதியிருந்தனர். முதல் வரியைப் படித்த உறவினர்கள், இந்நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டிவிட்டனர். ரத்தத்தில் செய்யும் இப்பரிசோதனை, டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையில் பிறவியிலேயே வந்த மாற்றங்களைத்தான் தேடுகிறது. கட்டியில் மட்டும் பிற்பாடு உண்டான பிறழ்வுகள் இதில் தென்படா. மேலும், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்துகூட மாறாமல், மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் என்னும் சிறு வேதிக் குழுக்கள் ஒட்டிக்கொள்வதாலேயே அம்மரபணு அடங்கிப்போவதுண்டு. சில மார்பகக் கட்டிகளில் பி.ஆர்.சி.ஏ.1 இவ்வாறே முடங்குகிறது. இந்த ஒழுங்குமுறைக் கோளாறு பரிசோதனையின் எல்லைக்கு வெளியே உள்ளது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

பொருள் உறுதிப்படாத மாற்றத்தை வைத்து அறுவை சிகிச்சை பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஆலோசகர் வாய்மொழியாகச் சொன்னது சரியான அறிவுரை. ஆனால் பிற்காலத்தில் அதன் பொருள் தெளிவுபட்டால் எங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், அங்கே செல்பவர்கள் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்ட பிறகே தந்தார்கள்.