349 ரூபாய் கிரிப்பரும் என் சர்வும்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். வயது 47. காலை ஆறிலிருந்து ஏழரை வரை டென்னிஸ், பிறகுதான் மண்டி. எங்கள் கூட்டத்தில் என் சர்வுக்கு, அதாவது பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் அடிக்கு, யாரும் பயப்படுவதில்லை. கையில் பிடி போதவில்லை என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, கோவைக்குப் போனபோது, கையால் அழுத்தி அழுத்திப் பிடியை வலுப்படுத்தும் இந்த ஸ்பிரிங் கிரிப்பரை வாங்கி வந்தேன்.

திருகினால் 10 கிலோவிலிருந்து 60 கிலோ வரை இறுக்கம் ஏறும் என்று அட்டையில் போட்டிருந்தது. மண்டிக்காரன் அடுத்தவன் சொல்லும் எடையை நம்புவானா? பக்கத்து லேத் பட்டறையில் ஒரு கைப்பிடியை வைஸில் இறுக்கி, மறு பிடியில் கொக்கி மாட்டி எடைக்கற்களைத் தொங்கவிட்டேன். 40 என்று காட்டும் இடத்தில் 27 கிலோவுக்கே வாயை மூடிக்கொண்டது. 60 என்பது 41. என் தராசு இப்படிக் காட்டினால் முத்திரை ஆய்வாளர் தராசையே தூக்கிக்கொண்டு போயிருப்பார். மூன்றாம் நாளே ஸ்பிரிங் கிறீச்சிட ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் அடங்கியது.

தோட்டத்துக்கு எடுத்துப்போய், சிறு வயதிலிருந்தே எருமை கறந்த பெரியப்பாவிடம் 60-இல் வைத்து நீட்டினேன். நாலு முறை மூடித் திறந்துவிட்டு, "இதற்கு எவ்வளவு கொடுத்தாய் கண்ணு?" என்றார். நான் 150 என்று சொல்லிவிட்டேன்.

இனி சர்வ். கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் வீதம் மகன் எடுத்தான். பந்து மட்டையில் பட்டதிலிருந்து எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டருகே விழும்வரை 158 படங்கள். தூரம் ஏறத்தாழ 18.3 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 100 கிலோமீட்டர். மட்டையைவிட்டுக் கிளம்பும்போது வேகம் இன்னும் கூடுதல்தான். வழியில் காற்று தின்றுவிடுகிறது. தொலைக்காட்சியில் காட்டுவது அந்தக் கிளம்பும் வேகத்தை. 2016 டேவிஸ் கோப்பையில் அமெரிக்க வீரர் ஜான் இஸ்னர் அடித்த 253 கிலோமீட்டரும் அப்படி அளந்ததே. அவர் உயரம் 6 அடி 10 அங்குலம். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நடுவில் ஒரு வாரம் தவிர, எட்டு வாரம் பிசைந்தேன். கை இறுகியது உண்மை. ஊறுகாய் பாட்டில் மூடிகள் எல்லாம் இப்போது என் பொறுப்பு. சர்வ்? 157 படங்கள். எட்டு வார உழைப்புக்கு ஒரே ஒரு படம்!

எங்கள் பயிற்சியாளர் என் முன்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பந்தைத் தூக்கிப் போடும்போதே நான் மட்டையின் கழுத்தை நெரிக்கிறேனாம். வேகம் காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, தோள் சுழன்று, முன்கை புரண்டு கடைசியாக மட்டைக்கு வருகிறது. கை இறுகினால் முன்கைத் தசைகள் இருபுறமும் இழுத்துக்கொண்டு மணிக்கட்டு கட்டையாகிவிடுகிறது. வந்த வேகம் அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசி இரண்டு விரல்களை ஏறக்குறைய விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார். முதல் நாள் மட்டை பறந்துவிடுமோ என்ற பயத்தில் பந்தெல்லாம் வலையில். இரண்டு வாரத்தில் 150 படங்கள், அதாவது 105 கிலோமீட்டர்.

அப்படியானால் கிரிப்பர் வீணா என்றால், இல்லை. தளர்த்திப் பிடிக்கும் துணிச்சலே கையில் பலம் வந்த பிறகுதான் வந்தது என்று நினைக்கிறேன். மூன்றாவது செட்டிலும் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் முன்போலப் பிடி திரும்பிக்கொள்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் வாரம் ஆர்வக்கோளாறில் காலையும் மாலையும் நூறு நூறு முறை அழுத்தியதில் முழங்கையின் வெளிப்புறம் வலி எடுத்து, சோற்றுக் கரண்டியைத் தூக்கவே சிரமப்பட்டேன். ஒரு வாரம் நிறுத்தினேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது முறை. அதன்பின் ஐந்து விரல்களையும் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி விரித்து விரித்து மூடுகிறேன். ரப்பர் பேண்டு மண்டியிலேயே கிடக்கிறது, அதற்குத் தனிச்செலவில்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். பிடியின் நுரை உறை வியர்வையில் உரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு அரை மதிப்பெண் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.