பெயர் இருக்கிறது, கிலோவைக் காணோம்: திரைக்குத் திரை தகவல் கடத்திய மூன்று பருவ அனுபவம்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு எடைக்கணக்கு ஆப் எழுதிக் கொடுத்து மூன்று பறிப்புப் பருவம் முடிந்துவிட்டது. பழம் எடுக்கிற நாட்களில் சாயங்காலம் மூட்டைகளைத் தொங்கு தராசில் மாட்டி, ஆள்வாரியாகக் கிலோ பதிய வேண்டும். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. மேஸ்திரி கையில் இருப்பதோ 2 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன்.

ஆப்பில் நாலே திரைதான்: ஆள் பட்டியல், கிலோ பதிவு, தராசுப் படம், கூலிக்கணக்கு. ஒன்றில் பதிந்தது அடுத்ததற்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். மூன்று வருஷமும் என் நேரத்தை அதிகம் தின்றது இந்த வேலைதான்.

முதல் பருவத்தில் எல்லாவற்றையும் இன்டென்டிலேயே, அதாவது ஒரு திரை அடுத்த திரையைத் திறக்க அனுப்பும் செய்தியிலேயே, வைத்து அனுப்பினேன். பெயர், ஆள் எண், கிலோ போகிறவரை குறையில்லை. தராசுப் படத்தையும் பிட்மேப்பாக (சுருக்காத புள்ளிகளாக) அதில் ஏற்றியதும் ஆப் நின்றுபோனது. இன்டென்ட், ஆண்ட்ராய்டுக்குள் தகவல் கடத்தும் பைண்டர் வழியாகப் போகிறது. ஒரு ப்ராசஸுக்கு (மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்கு) அதில் உள்ள இடம் 1 எம்பி, அதையும் பல வேலைகள் பங்குபோட்டுக்கொள்ளும். 640-க்கு 480 அளவுள்ள சின்னப் படமே, புள்ளிக்கு 4 பைட் வீதம் 12,28,800 பைட் வந்துவிடுகிறது. படத்தைக் கோப்பாக வைத்துவிட்டு அதன் முகவரியை மட்டும் அனுப்பியதும் சரியானது.

இரண்டாம் பருவத்தில் திரைகளை ஃப்ராக்மென்டாக (ஒரே சட்டத்துக்குள் மாறிமாறி வரும் துண்டுகளாக) மாற்றி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வியூமாடல், அதாவது திரைக்கான தகவலை மெமரியில் வைத்திருக்கும் பகுதி, வைத்தேன். எழுதச் சுகமாக இருந்தது. போனைத் திருப்பினாலும் தகவல் அப்படியே நின்றது. இனிக் கவலையில்லை என்றே நம்பினேன்.

டிசம்பரில் ஒரு நாள் எடை போடும்போது நானும் மலையில் தோட்டத்தில் இருந்தேன். ஓர் அக்காவுக்கு மூன்று மூட்டை பதிந்து, படம் எடுக்கக் கேமராவைத் திறந்தார் மேஸ்திரி. திரும்பி வந்தவர் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, பேரு நிக்குது, கிலோவைக் காணோமே." அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் மூட்டையை மறுபடி தூக்கித் தராசில் மாட்டினார். காலையிலிருந்து சரிவில் நின்று எடுத்த பழம். கிலோக் கணக்கில்தான் அவருக்குக் கூலி.

கேமரா திறந்ததும் மெமரி போதாமல் சிஸ்டம் என் ஆப்பின் ப்ராசஸையே முடித்துவிட்டது. திரும்பும்போது ஃப்ராக்மென்டைத் திறக்கும்போது கொடுத்த ஆர்குமென்டில் இருந்த பெயரைச் சிஸ்டம் சேமித்து வைத்திருந்து கொடுத்தது. மூட்டைகளின் எடை இருந்த வியூமாடலோ புதிதாக, காலியாகப் பிறந்தது. திரை திரும்புவதைத் தாங்கும் வியூமாடல், ப்ராசஸ் சாவதைத் தாங்காது. இது ஆண்ட்ராய்டு ஆவணத்திலேயே உள்ள விஷயம்தான். படித்திருந்தேன், சோதிக்கவில்லை.

மூன்றாம் பருவத்தில் எண்ணை அடித்து முடித்த கையோடு ஒவ்வொரு மூட்டையும் போனிலேயே இருக்கும் ரூம் தரவுத்தளத்தில், அந்த ஆளின் வரைவில் பதிகிற மாதிரி செய்தேன். திரைக்குத் திரை போவது பதிவு ஐடி மட்டுமே. ஒவ்வொரு திரையும் அந்த ஐடியை வைத்துத் தரவுத்தளத்திலிருந்து ஃப்ளோ மூலம் (தரவு மாறும்போதெல்லாம் புதிதாகத் தரும் வழி) படித்துக்கொள்ளும். வியூமாடலுக்குள் ஐடியை, ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் சேமித்துத் திருப்பித் தரும் சேவ்ட் ஸ்டேட் ஹேண்டிலில் வைத்திருக்கிறேன். எந்தத் திரை செத்துப் பிழைத்தாலும் படிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். பொது வியூமாடலை அடியோடு விடவில்லை. தேடல் பெட்டியில் அடித்த எழுத்து, வரிசை முறை போன்ற தொலைந்தால் பாதகமில்லாதவை இன்னும் அதில்தான் இருக்கின்றன.

சோதிக்கும் விதத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டெவலப்பர் ஆப்ஷனில் 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே' என்பதை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அது திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டியைத்தான் அழிக்கும். ப்ராசஸ் உயிரோடிருப்பதால் சிங்கிள்டனில் (ஆப் முழுக்கப் பொதுவான ஒரே பொருளில்) வைத்த தகவல் பத்திரமாக இருப்பது போலவே தெரியும். ஆப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி மூலம், ப்ராசஸைக் கொல்லும் 'ஏஎம் கில்' கொடுத்து, பிறகு சமீபத்தில் திறந்த ஆப்களின் ரீசென்ட்ஸ் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள். இப்போது ஒவ்வொரு புதுப் பதிப்பையும் மலைக்கு அனுப்புமுன் சேலம் அஸ்தம்பட்டியில் என் மேசையிலேயே நாலு திரையிலும் இப்படிக் கொன்று பார்க்கிறேன்.

இந்த முறையிலும் தொல்லை உண்டு. பாதியில் விட்ட வரைவுகள் தேங்குகின்றன. ஒரு சாயங்காலம் ஒரே ஆளுக்கு இரண்டு வரைவு இருந்து, எது சரி என்று மேஸ்திரி குழம்பிவிட்டார். ஆளுக்கு ஒரு நாளில் ஒரே வரைவு என்று அட்டவணையில் கட்டுப்பாடு போட வேண்டும். நவம்பரில் அடுத்த பறிப்பு தொடங்குமுன் அதை முடித்தாக வேண்டும்.