மெட்ரிசெக் கம்பி: சீழைக் காட்டும், இடத்தைச் சொல்லாது

கன்று ஈன்ற மாட்டுக்குக் கருப்பைச் சீழ் இருக்கிறதா என்று பார்க்க நியூசிலாந்தில் உருவான கருவி இது. சுமார் 50 செ.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத கம்பி, முனையில் 4 செ.மீ. அகல அரைக்கோள சிலிகான் கிண்ணம். அவ்வளவுதான்.

சீழ் பெரும்பாலும் யோனியின் தரையில், கருப்பை வாய் ஓரப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும். மாடு படுக்கும்போது கொஞ்சம் வழியும், எழுந்ததும் நின்றுவிடும். அதனால்தான் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு 'அழுக்கு இல்லை' என்று சினை ஊசி போடுகிறார்கள், மாடும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது. கிண்ணம் அந்தப் பள்ளத்தையே வழித்து எடுத்து வரும்.

கையாளும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வெளி உதடுகளைக் கழுவித் துடைத்த பிறகு, கிண்ண முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து நுழைக்க வேண்டும். எடுத்தவுடன் நேராகத் தள்ளினால் சிறுநீர்த் துவாரத்தில் போய் இடிக்கும். உள்ளே போனதும் கிடைமட்டமாக்கி, தடுக்கும்வரை மெல்லத் தள்ளி, கைப்பிடியை உயர்த்தினால் கிண்ணம் தரையில் படியும். அதே நிலையில் வெளியே இழுக்க வேண்டும். கைப்பிடியை உயர்த்த மறந்தால் கிண்ணம் காலியாக வரும், நோயுள்ள மாடும் நல்ல மாடாகத் தெரியும்.

வந்ததைப் படிப்பது எளிது, 0 முதல் 3 வரை மதிப்பெண். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிந்த சளி 0. வெண்துணுக்குகள் மிதந்தால் 1. பாதிக்குக் கீழ் சீழ் 2. பாதியோ அதற்கு மேலோ சீழ் 3.

ஈன்ற 21 நாளுக்குள் இதை நம்பக் கூடாது. அப்போது செம்பழுப்பு அழுக்கு கழிவது இயல்பு. நீர்த்த, நாற்றமடிக்கும் கழிவுடன் காய்ச்சல் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வேறு அவசரம். அங்கே வேண்டியது தெர்மாமீட்டரும் மருத்துவரும்தான், கம்பி அல்ல.

பெரிய குறை ஒன்று உண்டு. சீழ் கருப்பையிலிருந்து வந்ததா, கருப்பை வாயிலோ யோனியிலோ உள்ள புண்ணிலிருந்து வந்ததா என்று இது பிரித்துச் சொல்லாது. சீழே வராத மறைமுக அழற்சி முழுக்கத் தப்பிவிடும். அதற்குக் கருப்பைச் சுவரிலிருந்து தூரிகையால் செல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1 மதிப்பெண் மாட்டுக்கெல்லாம் மருந்து ஏற்றினால் காசுதான் கரையும். 2, 3 வந்தால் மருத்துவர் சினைப்பையில் மஞ்சள் திரள் (கருமுட்டை வெளியான இடத்தில் உருவாகும் திசு) இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியா, கருப்பைக்குள் செலுத்தும் செஃபாபிரின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியா என்று முடிவெடுக்கட்டும். மஞ்சள் திரள் இல்லாத மாட்டில் புரோஸ்டாகிளாண்டின் ஊசியால் பெரிய பலன் இராது.

ஒரே வாரத்தில் ஐம்பது, நூறு மாடுகளைப் பார்க்கும் பண்ணைக்கு இது தாராளமாகத் தகும், ஒரு மாட்டுக்குச் சில வினாடி போதும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. மருத்துவர் சுத்தமான கையுறையில் வழுவழுப்புப் பசை தடவி, கையாலேயே வழித்துப் பார்த்துவிடுவார்.

வாங்கினால் கிண்ண விளிம்பை அடிக்கடி தடவிப் பாருங்கள், வெட்டுப்பட்டிருந்தால் சவ்வைக் கீறும். ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு கழுவி, குளோர்ஹெக்சிடின் அல்லது அயோடின் கரைசலில் முக்க வேண்டும். வாளியில் சாணம் கலந்தால் கரைசல் வீரியம் இழக்கும், உடனே மாற்றிவிடுங்கள்.