படலைக்கு வந்த உளநல ஆய்வு: ஒரு வீட்டுக்காரரின் மதிப்பீடு

கடந்த ஆகஸ்ட் மாதம், நல்லூரில் கொடி ஏறி ஒரு கிழமை கழிந்திருந்த ஒரு முற்பகலில், கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ரப்லெற், தோளில் தண்ணீர்ப் போத்தல். சமூக சுகாதார சேவைகளைப் பற்றியும் மக்களின் உளநலம் பற்றியும் ஓர் ஆய்வு நடக்கிறது என்றும், கிராம அலுவலர் பிரிவின் பெயர்ப்பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் எடுத்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று என்றும், தேவைப்படுவோருக்கு உளவளத்துணைக்கு வழிகாட்டும் ஏற்பாடும் இதனுடன் இருக்கிறது என்றும் சொன்னார்கள். கடைக்கும் உணவகத்துக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். வீடு தேடி வந்து ஒரு மணி நேரத்தையும் மனதில் உள்ளதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் சேவைக்கு ஏன் எழுதக்கூடாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நடத்தியவர்கள் யார் என்பதை எழுதப்போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வந்த பிள்ளைகளோ குறை சொல்லக்கூடியவர்கள் அல்லர்.

முதலில் அவர்கள் ஆளைத் தெரிவு செய்த முறை. வீட்டில் நான், மனைவி, மகள், மனைவியின் தாயார் என்று வளர்ந்தவர்கள் நால்வர். வாசலில் நின்ற என்னையே கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறது என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் என்ற வகையில் எனக்கு அது பிடித்திருந்தது. காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் யார் இருப்பார்களோ அவர்களை மட்டும் கேட்டால், மாவட்டத்தின் மனநிலை என்று கிடைப்பது ஓய்வு பெற்றவர்களின் மனநிலையாகவே இருக்கும். இந்தச் சாய்வைத் தவிர்ப்பதற்காகத்தான் 1949இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளிவிபரவியலாளர், வீட்டில் யாரைக் கேட்பது என்று தெரிவு செய்வதற்கு ஓர் அட்டவணையை வகுத்தார். பிறந்தநாள் கேட்பது அதே வேலையைச் செய்யும் இலகுவான வழி. மாமிக்குத் தன் பிறந்தநாள் புரட்டாதி மாதத்து உத்தரட்டாதி நட்சத்திரமாகத்தான் தெரியும். அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தபோது செப்ரெம்பர் என்று இருந்தது. எனவே தெரிவானவர் மாமி, எழுபத்து நான்கு வயது.

சம்மதப் பத்திரத்தை அவர்கள் கையாண்ட விதத்துக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். ஒப்பமிடச் சொல்லி நீட்டவில்லை. ஒவ்வொரு பந்தியாக வாசித்து, விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், இடையில் நிறுத்தலாம், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம், அதனால் வைத்தியசாலையில் கிடைக்கும் எந்தச் சேவையும் குறையாது என்று விளங்கப்படுத்தினார்கள். இடம்பெயர்வு முகாம்களில் யார் யாரோ வந்து எழுதிக்கொண்டு போனதை நினைவில் வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படி எட்டு நிமிடம் செலவிடுவது வீண் அல்ல. அதன் பிறகு, மற்றவர்களின் காதில் விழாத ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். மாமரத்தின் கீழ் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் போடப்பட்டன. தேநீர் கொடுக்கும் சாட்டில் மூன்று தடவை அந்தப் பக்கம் போன என் மனைவியை, மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியது.

மாமியிடம் கேட்கப்பட்டது, மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்விக்கொத்து. வெறும் பிரதி ஒன்றை எங்களிடம் விட்டுச் சென்றதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல முடிகிறது. 2001இல் வெளியாகி உலகெங்கும் பயன்படுவது; கட்டணமோ தனி அனுமதியோ இன்றி யாரும் நகலெடுக்கலாம். கடந்த இரண்டு வாரங்களில் ஒன்பது சிரமங்கள் எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி இடுவார்கள். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். மருந்துக் கடைக்காரர் இரத்த அழுத்தம் பார்ப்பது போல, நோயைத் தீர்மானிப்பதற்கு அல்லாமல், யாரைக் கவனிக்க வேண்டும் என்று காட்டுவதற்காகவே இது இருக்கிறது. மலிவு, வேகம், ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி ஆகிய மூன்றிலும் இதற்கு நிகரானது குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரே கேள்வியில் இரண்டு எதிர்க் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நித்திரை வராமல் இருப்பதும் மிகையாக நித்திரை கொள்வதும் ஒரே கேள்வி. பசியின்மையும் மிகையாக உண்பதும் ஒரே கேள்வி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதம் பிடித்து ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்கும் மாமிக்குப் பசிக் கேள்வி எந்தப் பெட்டியில் விழும்? பத்திரிகை வாசிக்கும்போது அல்லது தொலைக்காட்சி பார்க்கும்போது மனதை ஒருமுகப்படுத்த முடியாமல் இருக்கிறதா என்ற கேள்விக்கு, "மரண அறிவித்தல் ஒண்டும் விடமாட்டன் பிள்ளை" என்று பதில் சொன்னதாக மாமியே பின்னர் பெருமையோடு சொன்னார். பூச்சியம் போட்டிருப்பார்கள். இரண்டு வாரம் என்ற கால எல்லையும் இங்கே சிக்கலானது. தேர் நெருங்க நெருங்க வீடு கழுவி, உறவினர் வந்து நிறைந்து, மாலையில் எல்லோரும் வீதிக்குப் போகும் இரண்டு வாரங்களையும், ஐப்பசி மழையில் ஆளரவமற்றுக் கிடக்கும் இரண்டு வாரங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மொழிபெயர்ப்பில் இதைவிடப் பெரிய இடைவெளி இருந்தது. 'மனச்சோர்வு', 'நம்பிக்கையின்மை' என்ற சொற்கள் அகராதிப்படி சரியானவை. ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்லி வைத்தியரிடம் போவதில்லை. யோசினை கூடிவிட்டது என்பார்கள், நெஞ்சுக்குள்ளே பாரம் என்பார்கள், தலை விறைக்கிறது என்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமூச்சு வருகிறது என்பார்கள். வடபுலத்து உளநலத்தைப் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்தவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007இல் வெளியிட்ட கட்டுரையில், இங்கு நேர்ந்ததைத் தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் சமூகமும் சேர்ந்து பட்ட கூட்டு வடுவாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அப்படிப் பட்ட வடு, உடம்பின் வழியாகவும் வீட்டின் வழியாகவும் பேசுகிற பேச்சை, தனி ஆளின் இரண்டு வாரத்தை அளக்கும் ஒன்பது கேள்விகள் பாதியளவே பிடிக்கின்றன. பெருமூச்சைப் பற்றி ஒரு கேள்வியைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

எண்களை நான் இழிவாகக் கருதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 விழுக்காட்டினரிடமும், போர் வடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 விழுக்காட்டினரிடமும் இருந்ததாகக் காட்டியது. அப்போது இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களிடம் இவை மிகக் கூடுதலாக இருந்தன. 'எங்கட சனத்துக்கு எல்லாம் பழகிப்போச்சு' என்று சொல்வோருக்கு அந்த எண்களே பதில். ஆனால் அவை போர் முடிந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் மாதங்களின் எண்கள். இன்றும் மேடைகளில் அவற்றையே இன்றைய நிலை போல எடுத்துச் சொல்வதைக் கேட்கும்போது, புதிய கணக்கு எடுக்க வருவோருக்குக் கதவைத் திறப்பது அவசியம் என்றே எனக்குப் படுகிறது.

மாமரத்தின் கீழ் இது நடந்துகொண்டிருக்க, மற்றப் பிள்ளை விறாந்தையில் என்னிடம் பொதுமக்கள் கருத்துப் பகுதியைக் கேட்டது. உளநோயில் இருந்து தேறிய ஒருவர் அயலில் குடியிருக்கலாமா, அவருக்கு வேலை கொடுப்பீர்களா, அவருடைய குடும்பத்தில் சம்பந்தம் செய்வீர்களா என்று படிப்படியாக நெருங்கி வரும் கேள்விகள். 1920களில் அமெரிக்க சமூகவியலாளர் எமரி பொகார்டஸ் இன வேற்றுமையை அளப்பதற்கு அமைத்த சமூகத் தூர அளவுகோலின் வழிவந்தவை இவை. நான் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றேன். படித்தவன், ஓய்வு பெற்ற ஆசிரியன், எதிரே இருப்பது என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய பிள்ளை, வேறென்ன சொல்வேன்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்தபோது, 'அந்தப் பகுதியில் ஆருக்கும் வருத்தம் இருக்கோ எண்டு ஒருக்கால் விசாரியுங்கோ' என்று தரகரிடம் சொன்னவனும் நானே. அந்த 'வருத்தம்' நீரிழிவு அல்ல என்பது தரகருக்கும் தெரியும். மனநோய் வைத்தியசாலை இருப்பதால் 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கிய நாட்டில், நேருக்கு நேர் கேட்டால் கிடைப்பது நன்னடத்தைச் சான்றிதழ் மட்டுமே. 'உங்கள் ஊரில் பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்' என்று கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். கருத்துக்கணிப்புப் பகுதிக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் கொடுக்க என்னால் முடியவில்லை. அதில் ஒரு பங்கு குற்றம் என்னுடையது.

சேவைகளைப் பற்றிய கேள்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். குடும்பநல உத்தியோகத்தர் எத்தனை தடவை வந்தார், கிளினிக்கில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்ற வகை. ஆனால் இலங்கையின் உளநலக் கொள்கை 2005இலேயே பெரிய வைத்தியசாலைகளை மட்டும் நம்பியிராமல் சேவையைச் சமூகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வகுத்திருக்கிறது. அப்படியிருக்க, மனம் சரியில்லாதபோது முதலில் யாரிடம் போவீர்கள் என்ற கேள்விக்குரிய தெரிவுகளில் கோயில் இல்லை. நூல் கட்டுவதும், திருநீறு போடுவிப்பதும், செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் சில நாட்கள் தங்குவதும் எங்கள் சனத்தின் முதல் சிகிச்சை. 'வேறு' என்ற பெட்டிக்குள் முருகனைப் போட்டுவிட்டார்கள்.

முடிவில் மாமிக்குப் புள்ளி எட்டு வந்தது. அவர் கேட்டதால் பிள்ளை அதைச் சொல்லி, இலேசான நிலை என்று விளக்கி, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தது. அதில் ஆய்வுக் குழுவின் தொலைபேசி எண்ணும், தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணும் இருந்தன. குழுவின் எண்ணுக்கு நான் மூன்று நாட்கள் எடுத்தேன். மணி அடித்ததே தவிர யாரும் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் பேசியவர், அடுத்த கிழமை அழைப்பதாகச் சொன்னார். அழைப்பு வரவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் பதில் கொடுக்கவும் ஆள் வைத்திருக்க வேண்டும். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுவே. 1926 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம் என்பதால் அந்த எண்ணை மட்டும் நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம்.

சிறந்த பகுதியோ படிவத்துக்கு வெளியே நடந்தது. ரப்லெற்றை மூடிப் பைக்குள் வைத்த பிறகு, படலை வரை வழியனுப்பப் போன மாமி அங்கேயே நின்றுவிட்டார். மாமா காலமான பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் தான் படும் பெருமூச்சைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளை வெயிலில் இருபது நிமிடம் நின்று கேட்டது. அதைப் பதிவதற்கு ரப்லெற்றில் இடம் இருந்திருக்காது.

இரண்டாம் சுற்றுக்கு மார்கழியில் வந்தார்கள். இந்த முறை வேறொரு பையன், தனியாக. மழை கொட்டியதால் மாமரத்தின் கீழ் இருக்க முடியவில்லை. மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் இருக்க, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டன. நாங்கள் எழுந்து போகவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. மாமி ஒவ்வொன்றுக்கும் தன் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு குறையுமில்லைத் தம்பி" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. புள்ளி இரண்டு. எட்டு இரண்டாகியிருப்பது நல்ல முன்னேற்றம் என்று சொல்லி, பையன் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.