ஐந்து வகை சீஸ் வாங்கி வீட்டில் பொரித்துப் பார்த்தேன், எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக் காலம் தொடங்கினால் 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர் கிழிந்த வலையை வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, சாயங்காலம் நாலு மணி ஆனால் எல்லாருக்கும் ஏதாவது பொரித்துக் கொடுக்க வேண்டும். மற்ற நாளில் நெத்திலியோ கணவாயோ இருக்கும். தடைக் காலத்தில் நாட்டுப் படகு மீன் வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்த முறை மூத்தவன், மதுரையில் ஒரு கடையில் சாப்பிட்ட சீஸ் ஸ்டிக்கை வீட்டில் செய்து தரச் சொல்லி விடாப்பிடியாக நின்றான். சரி என்று ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் ஐந்து வகை பொரித்துப் பார்த்துவிட்டேன். பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் யாராவது சீஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியாக வரும் மொசரெல்லா, பீட்சாவுக்கென்று விற்கிற 200 கிராம் பாக்கெட், அதை வாங்குங்கள். ஒரு கட்டியில் நடுவிரல் நீளத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று துண்டு வெட்டலாம். பொரித்துக் கடித்து இழுத்தால் நூல் மாதிரி வருகிறது இல்லையா, அது வேறு எந்த சீஸிலும் எனக்கு வரவில்லை. அதற்குக் காரணம் மொசரெல்லா செய்கிற விதம். உறைந்து திரண்ட பால் கட்டியை வெந்நீரில் போட்டு, பரோட்டா மாவை இழுப்பது போல இழுத்து இழுத்து மடிக்கிறார்கள், அந்த இழுப்பில் பாலின் புரதம் நார் நாராக ஒரே வாக்கில் படிந்துவிடுகிறது. சூட்டில் உருகினாலும் அந்த நார் முழுக்க அறுவதில்லை. என் மாமியார் முதல் துண்டைக் கடித்துவிட்டு, "இது என்னத்தா, கைக்கும் வாய்க்கும் நடுவுல பாலம் கட்டுது" என்று கேட்டார். அப்புறம் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எழுபது வயதில் முதல்முறையாக.

ஒன்றைக் கவனியுங்கள். மொசரெல்லாவிலேயே தண்ணீரில் மிதக்கிற வெள்ளை உருண்டையாக ஒன்று பெரிய ஊர்க் கடைகளில் இருக்கும். அது சாலட்டுக்கு. ஈரம் அதிகம், பொரிக்க ஆகாது. அதே போல சின்னச் சின்னத் துண்டாக வெட்டியோ துருவியோ விற்கும் பாக்கெட்டும் இதற்கு வேண்டாம், அதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், ஸ்டிக்காக வெட்டவும் முடியாது.

இவ்வளவு சொன்னாலும் என் முதல் சட்டி மொசரெல்லா பாழாகத்தான் போனது. வாங்கி வந்த வேகத்தில் வெட்டி, முட்டையில் நனைத்து, ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் விட்டேன். அரை நிமிடத்தில் ஓரத்தில் வெடிப்பு விட்டு சீஸ் முழுக்க எண்ணெயில் ஓடி, பொரிந்த வெற்றுக் கூடு மட்டும் மிதந்தது. எண்ணெய் படபடவென்று தெறித்து இன்னொரு அடுப்பு வரை வந்தது. பிறகுதான் புரிந்தது. சீஸில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். மேலே மாவு இறுகுவதற்கு முன்னால் உள்ளே உருகிவிட்டால், அந்தத் தண்ணீர் ஆவியாகி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். அதனால் உள்ளே கல் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும், வெளியே எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேல் மாவு சிவக்கும் நேரத்தில் சீஸ் இப்போதுதான் இளகத் தொடங்கியிருக்க வேண்டும். மாவு புரட்டிய பிறகு இரண்டு மணி நேரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். நான் இப்போது காலையிலேயே செய்து வைத்துவிட்டு நாலு மணிக்குத்தான் எடுக்கிறேன்.

எண்ணெய் 180 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி என்னிடம் இல்லை. ரஸ்க் தூள் ஒரு சிட்டிகை போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும், ஆனால் கண் முன்னாலேயே கருகக் கூடாது, அந்தப் பதம். ஃப்ரீசரில் இருந்து வந்த துண்டுக்கு ஒரு நிமிடம் போதும். கணவாய் வளையம் பொரித்துப் பழகியவர்களுக்கு இது எளிதாக வரும், அதிலும் அப்படித்தானே, பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினால் ரப்பர் ஆகிவிடும்.

இரண்டாவது, எல்லாப் பெட்டிக்கடை ஃப்ரிட்ஜிலும் கிடைக்கிற க்யூப். எட்டு க்யூப் உள்ள டப்பா. இது சீஸை உருக்கி, சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்த்து மறுபடி அச்சில் வார்த்தது. அந்த உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கின்றன, அதனால் உருகினால் கெட்டியான குழம்பு மாதிரி நிற்கிறது, நூல் வராது. ஸ்டிக்காகப் பொரிக்க வேண்டாம், ஏமாந்துபோவீர்கள். ஆனால் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, நடுவில் அரை க்யூப் வைத்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிப் பொரித்தால் அருமையாக இருக்கிறது. என் சின்ன மகளுக்கு மொசரெல்லாவை விட இதுதான் பிடித்தது. கிழங்கு மசியலில் உப்புப் போடாதீர்கள், க்யூபில் இருக்கிற உப்பே போதும். ரஸ்க் தூளும் நிறைய வேண்டாம், கிழங்கே அணை கட்டின மாதிரி சீஸை உள்ளே நிறுத்திவிடும். வெளியூர் போய் மொசரெல்லா வாங்க முடியாதவர்கள் தயங்காமல் இதைச் செய்யலாம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு கடையில் மொசரெல்லா கேட்டேன். "இதுவும் அதேதான்க்கா, விலை கம்மி" என்று ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். முன்பக்கம் பீட்சா படம், நூல் இழுக்கிற படம். வீட்டில் பொரித்தால் உருகவும் இல்லை, இழுபடவும் இல்லை, மெழுகைக் கடித்த மாதிரி மேலண்ணத்தில் ஒட்டியது. அப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் அனலாக் என்று போட்டிருந்தது, சேர்பொருள் வரிசையில் பாமாயிலும் ஸ்டார்ச்சும் முன்னால் இருந்தன. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்வதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். விற்பது சட்டப்படி தப்பில்லை, பாக்கெட்டில் அனலாக் என்று எழுதித்தான் விற்கிறார்கள். ஆனால் கேட்டவரிடம் இதுவும் அதேதான் என்று கொடுப்பது தப்பு. பிள்ளைக்குப் பால் பொருள் என்று நம்பி வாங்குகிறோம், இல்லையா.

அதனால் கடையில் நின்றே பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதில் இருந்து குறைவானது வரைக்கும் வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் பால் இருந்தால் வாங்குங்கள். எண்ணெய் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பெயர் தெரிந்த கம்பெனியா, தெரியாத கம்பெனியா என்பதை விட இந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவியது.

பாக்கெட் இல்லாமல் எடை போட்டு விற்கும் பன்னீருக்கு இந்த வழி கிடையாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சின்னத் துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு, மருந்துக் கடையில் காயத்துக்குக் கொடுக்கும் டிங்சர் அயோடின் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். நீலமாக மாறினால் ஸ்டார்ச் கலந்திருக்கிறது. சோதனை செய்த துண்டைக் கொட்டிவிடுங்கள்.

பன்னீர் பொரிப்பது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, நல்லது, எளிது, உருகவே உருகாது. கொதிக்கிற பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிப்பதால் அதன் கட்டு வேறு மாதிரி, எவ்வளவு சூடானாலும் வெந்து இறுகும், ஓடாது. அதனால் ஃப்ரீசர் வேலையும் இல்லை. மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு, அரிசி மாவு பிசறி, மீன் வறுவல் போல வறுத்தால் போதும். சீஸ் ஸ்டிக் கேட்ட பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் முகம் வாடும், அவ்வளவுதான்.

ஐந்தாவது எதிர்பாராமல் வந்தது. கீழக்கரையில் என்னோடு படித்த தோழியின் அண்ணன் துபாயில் இருந்து லீவுக்கு வந்தபோது ஹலூமி கொண்டுவந்திருந்தார், ஒரு பாக்கெட் எனக்கும் கொடுத்துவிட்டாள். சைப்ரஸ் நாட்டுச் சரக்கு. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரை சைப்ரஸுக்கே உரியது என்று பதிவு செய்தது, இங்கே புவிசார் குறியீடு கொடுப்பது போல. பால் கட்டியை அதன் சூடான மோர்த் தண்ணீரிலேயே வேகவைத்து எடுப்பதால் இதுவும் உருகாது. மாவே வேண்டாம்! விரல் தடிமனில் வெட்டி, ஈரத்தைத் துணியில் ஒற்றி, தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் போட்டால் இரண்டு பக்கமும் பொன்னிறமாகிறது, கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வருகிறது. உப்பு மட்டும் கருவாடு அளவுக்கு இருந்தது, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் சாப்பிட முடிந்தது. வெளிநாட்டில் இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சொல்லிவிடுங்கள், ருசிக்குப் பார்க்கலாம்.

இனி நம் ஊருக்கென்று இருக்கிற சங்கடங்கள். சமையல் வீடியோக்களில் இதைச் சொல்வதில்லை, அவர்கள் வீட்டில் கடல் காற்று இல்லை. அப்பளம் பொரித்து வைத்தால் கால் மணியில் நமுத்துப்போகும் ஊர் இது. கடையில் வாங்கிய ரஸ்க் தூளை அப்படியே போடாதீர்கள், வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டி ஆறவைத்துப் போடுங்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஸ்டிக் மேல் ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடுகிறது, அந்த ஈரத்தில் மாவு உரிந்து எண்ணெயும் வெடிக்கிறது. ஐந்து ஐந்தாக எடுத்து உடனே போடுங்கள், மிச்சம் உள்ளேயே இருக்கட்டும். மைதா, முட்டை, தூள் என்று ஒரு சுற்றுப் போட்டால் போதாது, முட்டையும் தூளும் மறுபடி ஒரு சுற்று வேண்டும், முக்கியமாக இரண்டு முனைகளிலும் அழுத்திப் பூசுங்கள். எனக்கு வெடித்தது எல்லாம் முனையில்தான்.

வாங்கி வருவது அடுத்த பாடு. ராமநாதபுரத்தில் வாங்கி பஸ்ஸில் தங்கச்சிமடம் வந்து சேர்வதற்குள் மே மாத வெயிலில் கட்டி குழைந்துவிடுகிறது. எங்களுக்கு ஐஸுக்கும் பெட்டிக்கும் பஞ்சமில்லை, மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் பொடி ஐஸ் போட்டு எடுத்துப் போனேன். ஆனால் முதல் தடவை பெட்டியைச் சரியாகக் கழுவவில்லை. கொழுப்பு உள்ள பொருள் வாசனையை இழுத்துக்கொள்ளும், மொசரெல்லா முழுக்க சாளை வாடை. இப்போது எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக் காயவைத்த தனிப் பெட்டி, சீஸை டிபன் டப்பாவில் மூடி அதற்குள் வைப்பது என்று வைத்திருக்கிறேன். கடையில் எடுக்கும்போது பாக்கெட்டுக்குள் பனித்தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போய் இளகி மறுபடி உறைந்த பாக்கெட் அப்படித்தான் இருக்கும், வெட்டினால் உதிரும், பொரித்தால் தண்ணீர் விடும். எனக்கு ஒரு தடவை அப்படி ஒன்று மாட்டியது. மாற்றித் தரச் சொல்லிப் போய் நின்றதற்கு, எடுத்தபிறகு எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

செலவு என்று பார்த்தால், 200 கிராம் கட்டி, இரண்டு முட்டை, ரஸ்க், எண்ணெய் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு துண்டு இருபது ரூபாய்க்குள் முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலையைச் சொன்னால் பாக்கெட்டில் அச்சடித்ததைக் காட்டச் சொல்லுங்கள். பொரிக்கத் தயாராக உறையவைத்து விற்கும் பாக்கெட்டும் ஒரு முறை வாங்கினேன். வேலை மிச்சம், ஆனால் மாவு பாதி, சீஸ் பாதி.

தொட்டுக்கொள்ள மயோனைஸ், கெச்சப் இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை, கொழுப்போடு கொழுப்பு, இனிப்பு வேறு. நம் குண்டு மிளகாய் எதற்கு இருக்கிறது? 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்தான். எட்டு மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, நாலு பல் பூண்டு, ஒரு துண்டு புளி, கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டி, உப்பு வைத்து அரைத்து நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். நல்ல சிவப்பாக வரும், உறைப்பு பின்னால்தான் ஏறும், சீஸின் பால் ருசியை அமுக்காது. மூத்தவன் இப்போது கெச்சப் பாட்டிலைத் தேடுவதே இல்லை. நாளைக்குப் பொரிக்கப் பத்துத் துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது, சட்னிக்கு மிளகாய் ஊறப்போட வேண்டும்.